வெளிநாட்டுப் பழைய டிவியில் உள்ளூர் சேனல்கள்

பிளக்கைச் சொருகுமுன் டிவியின் பின்புற லேபிளைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்றிருந்தால் கவலையில்லை. 100 மட்டும் என்றால் (ஜப்பான் டிவிகள் பல அப்படித்தான்) 230 வோல்ட்டில் பவர் சப்ளை கருகிவிடும். 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். 100 வாட் டிவிக்கு 150 வாட்டாவது வேண்டும்.

அனலாக் ஒளிபரப்பில் படம் தெளிவாக இருந்தும் ஒலி வராவிட்டால், ஒலி அலைவரிசை பொருந்தவில்லை. அனலாக் ஒளிபரப்பு முறை நாட்டுக்கு நாடு மாறும்: பி/ஜி முறையில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ், ஐ முறையில் 6, டி/கே முறையில் 6.5. மெனுவில் 'சவுண்ட் சிஸ்டம்' இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

டிஜிட்டலில் அந்தச் சலுகை கிடையாது. ஐஎஸ்டிபி-டி (ஜப்பானின் டிஜிட்டல் முறை) டியூனர் டிவிபி-டி2 (வேறு பல நாடுகளின் முறை) சிக்னலை எடுக்கவே எடுக்காது. எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் வீண். டியூனரை மாற்றப் பணம் செலவழிக்காதீர்கள். உள்ளூர் முறைக்கான செட்-டாப் பாக்ஸ் வாங்கி, ஆன்டெனாவை அதில் கொடுத்து, எச்டிஎம்ஐ அல்லது மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஏவி கேபிளால் டிவியுடன் இணையுங்கள்.

ஏவி இணைப்பில் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டுகொண்டோ இருந்தால், பாக்ஸ் பால் (PAL) என்ற வண்ண வீடியோ முறையில் அனுப்புகிறது, டிவிக்கோ என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை மட்டுமே தெரியும். பாக்ஸ் மெனுவில் வீடியோ அவுட்புட்டை என்டிஎஸ்சி ஆக்குங்கள். உருளும் படத்தில் மெனுவைப் படிக்க முடியாது; வேறொரு டிவியில் இணைத்து மாற்றிக்கொள்வது சுலபம்.