ஃபேர்வே புல்லு பாக்குற விதமும் நம்ம மலை ஊர் பேரைச் சொல்ற விதமும்

கோல்ஃப் கோர்ஸ் வேலைக்கு புதுசா கொடைக்கானல் ஏறி வர்ற தம்பிங்களுக்காக இத எழுதுறேன். புல்லு வெட்டுறத பத்திதான் எல்லாரும் கேப்பாங்க, நான் அதோட ஊர் பேர் சொல்றதையும் சேத்தே சொல்லிக்குடுப்பேன், ஏன்னு போகப்போக புரியும்.

முதல்ல புல்லு. நம்ம மலையில மெத்து மெத்துன்னு படர்ந்து கிடக்குறது பெரும்பாலும் கிக்குயு, கிழக்கு ஆப்பிரிக்கா மலையில இருந்து வந்தது, தரைக்கு மேலயும் கொடி ஓடும் தரைக்கு அடியிலயும் ஓடும், அதனால சீக்கிரம் சாகாது, ஆனா கவனிக்காம விட்டா அடியில காஞ்ச தண்டு சேந்து மெத்தை மாதிரி ஆயிடும், கால் வச்சா அமுங்கும், தண்ணி உள்ள இறங்காது. ஃபேர்வேல, அதாவது பந்த அடிச்சுக்கிட்டே குழி இருக்குற பச்சை வரைக்கும் போற சீரா வெட்டுன புல்லுப்பாதைல, 12ல இருந்து 15 மில்லிமீட்டர் உயரம் வச்சா போதும். ஒரே தடவைல மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டிராதீங்க, அதாவது 15 வேணும்னா 22 வர்றப்பவே மோவர, புல்லு வெட்டுற மெஷின, எடுத்துரணும். மழையில நாலு நாள் விட்டுப்போச்சுன்னு அஞ்சாவது நாள் மொட்டையடிச்சீங்கன்னா மஞ்சள் தண்டுதான் மிஞ்சும், அது பச்சையாக நாளாகும். போன தடவை மேக்க கிழக்க ஓட்டுனா இந்த தடவை குறுக்க ஓட்டுங்க, இல்லன்னா புல்லு ஒரே பக்கமா சாஞ்சிரும். பிளேடு மழுங்கியிருந்தா நுனி கிழியும், தூரத்துல இருந்து பாத்தா வெளிறி தெரியும். ஒரு இலைய கிள்ளி வெளிச்சத்துல பாருங்க, நுனி நூல் நூலா தொங்குச்சுன்னா அன்னைக்கு ஓட்ட வேணாம், பிளேடு தீட்டிட்டு வாங்க.

காலையில பனித்தண்ணி இருக்குறப்ப மோவர் இறக்காதீங்க. ரெண்டு பேர் நீளமா ஒரு கயிறோட ஆளுக்கொரு முனையப் புடிச்சு புல்லு மேல இழுத்துட்டே நடந்தா தண்ணி உதிர்ந்துரும், அரை மணி நேரத்துல காஞ்சிரும்.

மார்கழி தை மாசம் வேற கதை. வெள்ளையா உறைபனி புடிச்ச புல்லு மேல யாரும் கால் வைக்கக்கூடாது, மேனேஜரா இருந்தாலும் சரி. இலைக்குள்ள இருக்குற தண்ணி உறைஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், மிதிச்சா உள்ளயே நொறுங்கிரும், அப்ப ஒண்ணும் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு பாத்தா ஒவ்வொரு செருப்புத்தடமும் கருப்பா நிக்கும். வெயில் பட்டு தானா கரையுற வரைக்கும் காத்திருங்க. சோலை ஓரமும் பள்ளமும்தான் கடைசியா கரையும்.

இங்கதான் பேர் வருது. பழைய ஆளுங்க யாரும் கோர்ஸ்ல ஒரு இடத்த ஹோல் நம்பர் சொல்லி கூப்பிட மாட்டாங்க, சோலை ஓரம், பள்ளம், ஊத்துப்பக்கம்னுதான் சொல்வாங்க. அந்தப் பேர்லயே எங்க நிழல், எங்க ஈரம், எங்க டிராக்டர் புதையும்னு எல்லாம் இருக்கு. வாக்கி டாக்கில வெறும் ஊத்துன்னு சொன்னீங்கன்னா புதுப்பையன் தண்ணிய ஊத்தச் சொல்றதா நெனச்சு ஊத்திருவான், அதனால ஊத்துப்பக்கம்னு முழுசா சொல்லுங்க.

ஒரு ஐப்பசில நான் பண்ண தப்பையும் சொல்லிர்றேன். பந்த அடிக்குறப்ப மட்டை புல்லோட பேத்துட்டுப் போன வெட்டுக்குழிகளை நிரப்ப மணல் லோடு கேட்டிருந்தேன், பாம்பார்புரம்ங்குற இடத்துக்கு வந்துட்டு போன் பண்ணுங்கன்னு சொல்றதுக்கு பதிலா அவசரத்துல இங்கிலீஷ் எழுத்துல பாதி பேரை மட்டும் டைப் பண்ணி விட்டேன். சமவெளி டிரைவர், பாவம், அத பூம்பாறைன்னு படிச்சு அந்த ரோட்ல போயிட்டாரு. திரும்பி வர்றதுக்குள்ள மழை புடிச்சிருச்சு, மணலை ஒரு வாரம் தார்பாய் போட்டு மூடி வச்சிருந்தோம், அதுக்குள்ள குழியெல்லாம் தண்ணி தேங்கி ஓரம் அழுகிருச்சு.

அதுல இருந்து பசங்களுக்கு பேரைப் பிரிச்சுதான் சொல்லிக்குடுக்குறேன். பாம்பார்ல இருக்குறது பாம்பும் ஆறும், ரெண்டு இடத்துலயும் நெடில். பூம்பாறைல பூவும் பாறையும், பூண்டு விளையுற ஊர், 2019ல புவிசார் குறியீடு வாங்குச்சே நம்ம கொடைக்கானல் மலைப்பூண்டு, அது. கானல்ல இருக்குறது கான், காடு, அதனால கா-வ நல்லா இழுத்து னல்-ல சட்டுனு முடிங்க. வெளியூர் பிளேயருங்க இங்கிலீஷ் எழுத்தப் பாத்துட்டு வாய்க்கால் மாதிரி கெனால்ங்குறாங்க, அவங்கள திருத்துறதுல தப்பே இல்ல, மெதுவா ஒரு தடவை நீங்க சரியா சொன்னா அடுத்த ஹோல்ல அவங்களே சொல்வாங்க. வட்டக்கானலும் அதே கா தான். செண்பகனூரை ஷெம்பன்னு ஆரம்பிக்கிறாங்க, செண்பக மரத்தை நெனச்சுக்கிட்டா அந்த ஷ வராது. கூக்கால், பேரிஜம் ரெண்டுக்கும் முதல் எழுத்து நெடில். சந்தேகம்னா பஸ்ல தமிழ் போர்டை பாருங்க, இல்ல கண்டக்டர் கூப்புடுறத கேளுங்க.

காட்டுமாடு ராத்திரி நடந்து போன குளம்புக்குழிய மேல மண்ணப் போட்டு மிதிச்சு மூடாதீங்க. ஃபோர்க்க ஓரத்துல சாய்ச்சு குத்தி, இறுகுன மண்ண நாலு பக்கமும் இளக்கிட்டு, நடுவுல மணலும் மக்குன உரமும் கலந்து போட்டு கையால அமுக்குங்க. காட்டுப்பன்னி வெண்புழுவத் தேடி பொரட்டிப் போட்ட புல்லுத்துண்ட அன்னைக்கே திருப்பி வச்சு தண்ணி விடணும், வேர் ஒரு வெயில் கண்டா அவ்வளவுதான். பன்னி திரும்பத்திரும்ப ஒரே இடத்துல தோண்டுச்சுன்னா அங்க புழு ஜாஸ்தின்னு அர்த்தம், அந்த இடத்த பேரோட நோட்ல குறிச்சு வைங்க.

லோடு சொல்றப்ப தமிழ்லயே டைப் பண்ணுங்க, தூண்பாறை போற ரோடுன்னு பக்கத்து அடையாளத்தையும் சேத்து போட்டு, டிரைவர ஒரு தடவை வாய்விட்டு படிக்கச்சொல்லி கேட்டுட்டு போனை வைங்க.