பறவை மூளை ஒலியைக் கேட்கும் விதம்: நேரத்தைத் தொலைக்கும் தவறும் இன்னும் சிலவும்

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு தம்பிகள் லேப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டு ஆய்வுக்கூடங்கள் பொதுவில் வைத்திருக்கும் சீப்ரா ஃபின்ச் குருவியின் நரம்புக்கலப் பதிவுகளை இறக்கிப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். (இங்கே நாங்கள் எந்தக் குருவியின் தலையிலும் கம்பி வைப்பதில்லை, அடுத்தவர் பதிவில்தான் எங்கள் வேலை.) "அக்கா, இந்தக் கலம் பாட்டுக்கு ஒண்ணுமே செய்யல" என்றார் மூத்தவர். அட்டவணையைப் பார்த்தேன். கடைசி நிரலின் தலைப்பு 'மொத்தம்'. எட்டு வருடத்துக்கு முன்னால் நான் போட்ட அதே நிரல்.

அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகளை எழுதுகிறேன். பெட்டரி தீர்ந்துபோவது, காற்று இரைச்சல் விழுவது மாதிரியானவற்றை ஒரு தடவை பட்டாலே யாரும் கற்றுக்கொள்வார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

துடிப்பை எண்ணிவிட்டு நேரத்தை எறிவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதனால் எனக்கு ஐந்து மாதம் போனது.

நான் செய்தது இதுதான். பாட்டு ஓடாத நேரத்தில் ஒரு கலம் செக்கனுக்கு எத்தனை மின்துடிப்பு விடுகிறது என்று எண்ணினேன், பாட்டு ஓடும்போதும் எண்ணினேன், இரண்டும் ஒன்றாக இருந்தால் 'பதில் இல்லை' என்று எழுதி ஒதுக்கினேன். அப்படி ஒதுக்கியவை பதினொரு கலங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு கலம் சும்மா இருக்கும்போதே செக்கனுக்கு 20 துடிப்பு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டின் இரண்டாவது அசை 100 மில்லி செக்கன் நீளம், அதற்குள் வழக்கப்படி 2 துடிப்பு வரவேண்டும், ஆனால் 8 வருகிறது. நான்காவது அசையும் அதன் பின்னால் வரும் இடைவெளியும் சேர்ந்து 300 மில்லி செக்கன், அங்கே 6 வரவேண்டும், ஒன்றுகூட வரவில்லை. கூட்டினால் 8. சும்மா இருந்தாலும் 8. கலம் இரண்டாவது அசைக்குத் துள்ளி எழுந்திருக்கிறது, நான்காவதுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கிறது, நாமோ 'ஒண்ணுமே செய்யல' என்று எழுதிவிட்டுப் போகிறோம்.

தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒருவர் காலை நிறுவையில் பன்னிரண்டு கிலோ, மாலையில் ஆறு. இன்னொருவர் காலையில் ஆறு, மாலையில் பன்னிரண்டு. செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் இரண்டு பேருக்கும் பதினெட்டுக் கிலோ கொழுந்து. யாருடைய நிரையில் காலையிலேயே கொழுந்து நிறைய இருந்தது என்று அந்தப் பதினெட்டை வைத்துக்கொண்டு எந்தக் கங்காணியாலும் சொல்ல முடியாது.

பறவையின் செவிப்புலப் பாதையில் நேரம்தான் சரக்கே. கூகையின் மூளைத்தண்டில் லாமினாரிஸ் என்ற நரம்புக்கலத் திரளில் இருக்கும் கலங்கள் வலக்காதிலிருந்தும் இடக்காதிலிருந்தும் வரும் துடிப்புகள் ஒரே கணத்தில் வந்து சேருகின்றனவா என்றுதான் பார்க்கின்றன. அந்தப் பறவைக்குப் பத்து மைக்ரோ செக்கன் அளவு வித்தியாசம்கூடப் பொருட்டு. பாடும் குருவியின் மூளையில் பாட்டை நடத்தும் எச்விசி பகுதியில், குரலை இயக்கும் ஆர்ஏ பகுதிக்குச் செய்தி அனுப்பும் கலங்கள் குருவி பாடும்போது ஒரு பாட்டுத் துண்டுக்கு ஒரே ஒரு தடவைதான் துடிப்புகளைக் கொத்தாக விடுகின்றன, அதுவும் பத்து மில்லி செக்கனுக்கும் குறைவான நேரம். 2002இல் ஹான்லோசர், கொஜெவ்னிகோவ், ஃபீ என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டியது இது. மொத்தம் எண்ணுகிறவர் கண்ணில் அந்தக் கணம் ஒரு நாளும் படாது.

என்னை வழிநடத்தியவர் "புள்ளிப்படம் போட்டியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஒவ்வொரு தடவை பாட்டு ஒலித்ததற்கும் ஒரு வரி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அன்று இரவே போட்டேன். வெறும் தூறல் மாதிரிப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன, எதுவும் வரிசைக்கு வரவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, நான் இன்னொன்றும் செய்து வைத்திருந்தேன்: பாட்டுக் கோப்பின் தொடக்கத்தில் இருந்த மௌனம் வீண் என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கையால் வெட்டியிருந்தேன். ஒன்றில் 20 மில்லி செக்கன் கூட, இன்னொன்றில் 40 குறைவு. துடிப்புகளின் நேரமெல்லாம் அந்த மௌனத்தின் முதல் கணத்திலிருந்து அளந்தது. வெட்டியதோடு பூச்சியப் புள்ளியும் போய்விட்டது. போதாததற்கு மூலக் கோப்பின் மேலேயே சேமித்திருந்தேன். மழைக்காலம், கரண்ட் போய்ப் போய் வரும், டேட்டா கார்டு போட்டு எல்லாக் கோப்பையும் மறுபடி இறக்கி முடிக்கவே மூன்று வாரம்.

வெட்டாத கோப்பில் புள்ளிப்படத்தைத் திரும்பப் போட்டபோது பதினொன்றில் ஏழு கலங்கள் தெளிவாகப் பதில் சொல்லியிருந்தன. ஒரு படம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது: இரண்டாவது அசைக்கு நேராக மேலிருந்து கீழ்வரை கறுப்பாக ஒரு தூண், கொஞ்சம் தள்ளித் தேயிலைக்கு நடுவில் போகும் நடைபாதை மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. அந்த வெள்ளையும் பதில்தான். எந்த அசைக்கு அடங்குகிறது என்பது எந்த அசைக்கு எழுகிறது என்பதற்குச் சமமான செய்தி.

ஆகவே முதலில் புள்ளிப்படம், பிறகு எண்ணிக்கை. மூலக் கோப்பை வேறோர் இடத்தில் பூட்டி வையுங்கள். மௌனத்தைத் தொடாதீர்கள்.

ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவது

லய வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரிச்சானுக்கு ஒரே பதிவை நாற்பது தடவை போட்டுக்காட்டிய ஒரு தங்கச்சி, "முதல் மூணு தடவை வேலிக்கு வந்து கத்துச்சு, அப்புறம் இறகைக் கோதிக்கிட்டு இருக்கு, அதுக்குப் பாட்டு அடையாளம் தெரியல போல" என்றார். நேர்மாறு. அடையாளம் தெரிந்ததால்தான் அலுத்துப்போனது. சீப்ரா ஃபின்ச்சின் என்சிஎம் என்ற செவிப்புல மூளைப் பகுதிக் கலங்களிலும் இதுபோன்ற ஒன்றைப் பார்க்கலாம்: ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கேட்கத் துடிப்பு குறைந்துகொண்டே போகும், புதுப் பாட்டு ஒன்றைப் போட்டால் மறுபடி எழும். நாற்பது தடவையின் சராசரியை எடுத்தால் அந்த இறக்கமே காணாமல் போய்விடும். அதனால் பல குருவிகளின் பாட்டுகளைக் கலந்து போடுங்கள், எத்தனையாவது தடவை என்பதையும் குறித்து வையுங்கள். கூடு கட்டும் காலத்தில் வெளியே எதையும் போடவே வேண்டாம், பாவம் அது.

பதிவை ஃபோனில் குரல் செய்தியாக அனுப்புவது

அனுப்பாதீர்கள். எம்பி3யும் வேண்டாம். மனிதக் காதுக்கு எது தெரியாதோ அதைக் கழித்துவிடுவதுதான் அதன் வேலை. ஒலியின் மிக நுண்ணிய நேர மாற்றங்களைப் பிரித்தறிவதில் நம்மைவிடச் சில பறவைகள் கெட்டி என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. நமக்குக் கழிவு, பறவைக்குச் செய்தி. வேவ் கோப்பாகவே வையுங்கள்.

அல்ட்ராசவுண்ட் தேடுவது

அல்ட்ராசவுண்ட் என்பது நம் காதுக்கே எட்டாத உயர் ஒலி. பெரும்பாலான பறவைகளுக்குப் பத்துக் கிலோ ஹேர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. தேடாதீர்கள்.

பழைய பெயர்களை நம்புவது

2004க்கு முந்திய நூல்களில் பறவை முன்மூளையின் பாதிப் பகுதிகளுக்குப் பின்னால் 'ஸ்ட்ரையேட்டம்' என்று ஒட்டியிருக்கும். பறவை முன்மூளை ஏறக்குறைய முழுவதும் நம் மூளையின் ஆழத்தில் இருக்கும் அடித்தளக் கருக்கள் என்ற நரம்புக்கலத் திரள்களைப் போன்றது என்ற பழைய நினைப்பில் வைத்த பெயர்கள் அவை. அது பிழை என்று தெரிந்து ஆய்வாளர்கள் கூடிப் பெயர்களை மாற்றி, 2004இல் வெளியிட்டார்கள். எச்விசி என்பதை இப்போது விரித்து எழுதுவதில்லை, அந்த மூன்று எழுத்தே பெயர். ஒரு பழைய நூலகப் புத்தகத்தை வைத்துக்கொண்டு படத்தில் இல்லாத இடத்தை இரண்டு நாள் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

கூகையின் விதியை எல்லாப் பறவைக்கும் போடுவது

1978இல் நுட்சன், கொனிஷி என்ற ஆய்வாளர்கள் கூகையின் நடுமூளையில், ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும் வரைபடத்தையே கண்டார்கள். ஆனால் கூகைக்கு ஒரு காது மேலே, ஒரு காது கீழே. கொண்டைக்குருவிக்கு அப்படி இல்லை.

தூங்கும் குருவியையும் விழித்த குருவியையும் ஒரே கூடையில் போடுவது

இதைப் பெரியவர்களும் செய்கிறார்கள். மயக்கத்திலோ தூக்கத்திலோ இருக்கும் சீப்ரா ஃபின்ச்சுக்கு அதன் சொந்தப் பாட்டைப் போட்டால் எச்விசி கலங்கள் கடகடவென்று துடிக்கும். விழித்திருக்கும்போது அதே பாட்டுக்கு அந்தப் பதில் பெருமளவு அடங்கிவிடும், கதவை இழுத்துச் சாத்தியது போல. இரண்டு வகைப் பதிவையும் கலந்து சராசரி எடுத்தால் வரும் எண் எந்தக் குருவிக்கும் சொந்தமானதல்ல. கோப்போடு வரும் விபரக் குறிப்பில் மயக்கமா, தூக்கமா, விழிப்பா என்று ஒரு வரி இருக்கும். பாட்டைத் திறக்குமுன் அந்த வரியை வாசியுங்கள். இல்லையென்றால் அந்தக் கோப்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பதிவு செய்தவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.