ரட்லண்ட் வாட்டருக்கு முதல் தடவை போகிறீர்களா?

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் ரிசர்வாயர் என்றால் எனக்குக் கம்பி வேலியும் "உள்ளே வராதே" பலகையும்தான் நினைவுக்கு வரும். வார இறுதியில் சுற்றிப் பார்க்கப் போகிற இடம் என்று தோன்றியதே இல்லை. ஓக்கம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ரட்லண்ட் வாட்டர் என்ற நீர்த்தேக்கத்தைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது.

1970களில் க்வாஷ் என்ற சின்ன ஆற்றின் குறுக்கே எம்பிங்கம் கிராமத்தருகே மண் அணை கட்டினார்கள். அந்த ஆற்றை நம்பியிருந்தால் இது நிரம்பவே நிரம்பாது. வெல்லண்ட், நீன் ஆறுகளிலிருந்து பம்பு வைத்துத் தண்ணீரை ஏற்றுகிறார்கள். பரப்பளவை வைத்துப் பார்த்தால் இங்கிலாந்தின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் இதுதான். பார்க்க ஏரி மாதிரி இருந்தாலும் இது பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் தரும் தொட்டி. இங்கே எதற்கு அனுமதி, எதற்குத் தடை என்ற கேள்விக்கெல்லாம் பதில் அதில்தான் இருக்கிறது.

படி 1: எதற்காகப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

நடை, நீச்சல், மீன், பறவை நான்கையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் எதுவும் உருப்படியாக நடக்காது. மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். விராலடிப்பான் (ஆஸ்ப்ரே என்ற மீன் பிடிக்கும் பறவை) பார்க்க ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை, வாத்துக் கூட்டங்களுக்குக் குளிர்காலம், நீச்சலுக்குக் கோடை. நடைக்கு எந்த மாதமும் சரி, மழைக்குப் பிறகு சேறு மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கார் இல்லாதவர்கள் லெஸ்டரிலிருந்து ரயிலில் ஓக்கம் வந்து இறங்கலாம். பறவைக் காப்பகம் இருக்கும் எக்லெட்டன் அங்கிருந்து நடக்கிற தூரம்தான்.

படி 2: நடை, பேராசை வேண்டாம்

முழுச் சுற்று 23 மைல். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹாம்பிள்டன் தீபகற்பத்தை விட்டுவிட்டால் 17. எனக்கு என்ன தைரியமோ, முதல் தடவையே முழுச் சுற்றுக்குக் கிளம்பினேன். பாதி வழியில் குதிகாலில் கொப்புளம் வந்து, மீதியை நொண்டி முடித்தேன். புதியவர்களுக்கு ஹாம்பிள்டன் தீபகற்பம் மட்டும் போதும். சுமார் 5 மைல், சாவகாசமாக நடந்தால் இரண்டரை மணி நேரம். மூன்று பக்கமும் தண்ணீர், நடுவே மரக்கூட்டங்களும் ஆட்டு மேய்ச்சலும்.

கையில் ஓஎஸ் (பிரிட்டனின் நில அளவை நிறுவனம்) வெளியிடும் எக்ஸ்புளோரர் 234 வரைபடம் இருந்தால் நல்லது. வழிக்கம்பத்தில் மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும், ஒதுங்கி நில்லுங்கள். வேலிக் கதவு மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள்.

தெற்குக் கரையில் நார்மன்டன் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். தண்ணீர் ஏறினால் அதன் கீழ்ப்பகுதி மூழ்கிவிடும் என்று தெரிந்து, உள்ளே பாதி உயரத்துக்குக் கல்லும் கான்கிரீட்டும் கொட்டித் தரையை உயர்த்திவிட்டார்கள். இப்போது பார்த்தால் இடுப்பளவுக்கு மண்ணில் புதைந்த கட்டடம் தண்ணீரில் நிற்பது போல இருக்கும்.

படி 3: நீச்சல், இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம்

கண்ட இடத்தில் இறங்கக் கூடாது. கிணற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் இருக்கிறது. சில இடங்களில் ஆழம் 30 மீட்டருக்கு மேல். தண்ணீரை இழுக்கும் குழாய்களும் மதகுகளும் கண்ணுக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விடக் குளிர். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே தண்ணீர் ஜில்லென்றுதான் இருக்கும். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று இறங்கினால் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் அவ்வளவுதான்.

அதனால் வடக்குக் கரையில் விட்வெல் பக்கம் ஆட்கள் கண்காணிப்பில் நடக்கும் திறந்தநீர் நீச்சலுக்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள். வெட்சூட் (உடலை ஒட்டிய, குளிர் தாங்கும் நீச்சல் உடை) போடுங்கள், பளிச்சென்ற நிறத்தில் தொப்பி வையுங்கள். கரையிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி, முகத்திலும் பிடரியிலும் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். என் முதல் நாளில் முழங்கால் வரை சிரித்துக்கொண்டே போனேன். நெஞ்சளவு வந்ததும் பேச்சே வரவில்லை, ஹக் ஹக் என்று மூச்சு மட்டும்தான். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர், "நீந்தாதே, மல்லாந்து மித" என்றார். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடத்தில் மூச்சு பழைய நிலைக்கு வந்தது. தவறி விழுந்தாலும் இதே வழிதான்: தலையைப் பின்னால் சாய்த்து, காது நனைய மிதந்து, மூச்சு அடங்கிய பிறகு கூப்பிடுங்கள்.

வேறு யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். அவசர உதவி எண் 999ஐ அழைத்துத் தீயணைப்புத் துறையைக் கேளுங்கள். கோடைக் கடைசியில் தண்ணீர் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஏடு படிந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசி. நீங்களும் இறங்க வேண்டாம், நாயையும் விடாதீர்கள், செத்தே போகலாம்.

படி 4: தூண்டில், இரண்டு சீட்டு வேண்டும்

முதலாவது சுற்றுச்சூழல் முகமை தரும் ராட் லைசென்ஸ், அதாவது தூண்டில் உரிமம். 13 வயதிலிருந்து எல்லோருக்கும் கட்டாயம், 16 வயது வரை இலவசம். இணையத்தில் ஒரு நாளைக்கும் எடுக்கலாம். இரண்டாவது அந்த நீர்த்தேக்கத்தின் நாள் சீட்டு. ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம்.

இங்கே பேர்போனது ட்ரவுட் மீன். பிடிக்கும் முறை ஃபிளை ஃபிஷிங்: இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சியை முள்ளில் கட்டி வீசுவது. நம் ஊரில் ஈயக்குண்டின் கனத்தில் நரம்பு போகும். இங்கே பூச்சிக்குக் கனமே கிடையாது, கயிறுதான் கனம். கோலைப் பின்னால் இழுத்ததும் கயிறு முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும் வரை ஒரு நொடி காத்திருந்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். அவசரப்பட்டால் கயிறு சாட்டை மாதிரிச் சுளீரென்று ஒலிக்கும், பூச்சி அறுந்து போயிருக்கும். வீசும் முன் பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொப்பியும் கண்ணாடியும் அவசியம். யூடியூப் பார்த்துக் கற்கலாம் என்று இருந்துவிடாமல் அரை நாள் வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்.

படி 5: விராலடிப்பானுக்காக உட்காருங்கள்

இந்தப் பறவை மத்திய இங்கிலாந்திலிருந்து அற்றுப்போய் ரொம்ப காலம் ஆகியிருந்தது. முதன்முதலில் பறக்கக் கற்ற இடத்துக்கே கூடு கட்டத் திரும்பும் குணம் அதற்கு உண்டு. அதனால் 1996 முதல் ஸ்காட்லாந்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து இங்கிருந்து பறக்கவிட்டார்கள். 2001இல் முதல் குஞ்சு இங்கேயே பொரித்தது. குளிர்காலத்தில் இவை மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்விடும். நம் ஊர் நீர்நிலைகளில் குளிர்காலத்தில் வந்து மீன் பிடிக்கிறதே, அதே இனம்தான்.

தெற்குக் கரையில் இருக்கும் லிண்டன் பார்வையாளர் மையத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு, மேன்டன் விரிகுடாவைப் பார்த்திருக்கும் மரக்குடிலுக்கு நடங்கள். கதவை ஓசையில்லாமல் சாத்துங்கள், ஜன்னல் பிளவு வழியே கையை வெளியே நீட்டாதீர்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் தாராளம். மீனோடு வரும் ஆணைக் கவனியுங்கள்: மீனின் தலை பெரும்பாலும் முன்பக்கம் பார்த்தே இருக்கும், காற்று தடுக்காமல் இருக்கத் திருப்பிப் பிடித்திருக்கும். அதைப் பார்க்க நான் ஒரு முறை மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். பிளாஸ்கில் டீ இருந்ததால் பிழைத்தேன்.

படி 6: கிளம்பும் முன் கழுவுங்கள்

2010இல் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தில் உள்ள கிராஃபம் வாட்டர் நீர்த்தேக்கத்தில் "கில்லர் ஷ்ரிம்ப்" என்ற சின்ன வெளிநாட்டு இறால் இனத்தைக் கண்டுபிடித்தார்கள். உள்ளூர்ப் பூச்சிகளைத் தின்று தீர்க்கும் இது, ஈரமான வெட்சூட்டிலும் வலையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த குளத்துக்குப் போய்விடும். பூட்ஸ், வலை, நீச்சல் உடை எல்லாவற்றையும் உதறிப் பார்த்து, கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே வேறு தண்ணீருக்கு எடுத்துப் போங்கள். வெட்சூட் காயும் வரை வீட்டில் ஒரு வாடை வரும், அதற்கு மட்டும் என்னிடம் வழி இல்லை.