ஃபில்டருக்குள் கணக்கு எழுதாதீர்கள்: ஷெட்யூலர் பிளக்இன்னில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸில், எந்த வேலை எந்த இயந்திரத்தில் ஓடும் என்று முடிவுசெய்யும் ஷெட்யூலருக்கு பிளக்இன் எழுதும்போது எளிதில் நுழைந்துவிடும் தவறு, ஃபில்டருக்குள் கணக்கு எழுதுவது. இந்த பாட் (சேர்ந்து ஓடும் கன்டெய்னர்களின் தொகுப்பு) இந்த நோடில் (இயந்திரத்தில்) ஓட முடியுமா, முடியாதா? நோடுகளை வடிகட்டும் கட்டமான ஃபில்டர் பதில் சொல்ல வேண்டியது இந்த ஒரு கேள்விக்குத்தான். "ஜிபியூ காலியாக இருக்கிறது, இந்த பாடுக்கு ஒதுக்கிவிட்டேன்" என்று அங்கேயே குறித்துவைத்தால் சிக்கல். ஒரே பாடுக்காகப் பல நோடுகளில் ஃபில்டர் இணையாக ஓடும். 10 நோடுகள் தேறினால் பத்திலும் ஜிபியூ போனதாகக் கணக்கு ஏறும். பாட் போவதோ ஒன்றுக்கு. நோட் முடிவான பிறகு வரும் ரிசர்வ் கட்டத்தில் ஒதுக்கீட்டை எழுதுங்கள். அப்புறம் அன்ரிசர்வ். பின்னால் ஏதாவது தோற்றால் கணக்கைத் திருப்புவது அதுதான். உங்கள் ரிசர்வ் ஓடாமலேயேகூட அது அழைக்கப்படலாம். எத்தனை முறை அழைத்தாலும் விளைவு மாறக்கூடாது. இதைச் சோதிக்காமல் எந்த பிளக்இன்னையும் வெளியே விடாதீர்கள்.

அடுத்தது, தேறிய நோடுகளுக்கு மதிப்பெண் தரும் ஸ்கோர். செலவு குறைந்த நோடுக்குக் கொஞ்சம், கன்டெய்னர் இமேஜ் ஏற்கெனவே இருக்கும் நோடுக்குக் கொஞ்சம் என்று ஒரே பிளக்இன்னில் மதிப்பெண்ணைக் கலப்பார்கள். ஒவ்வொரு பிளக்இன்னும் 0 முதல் 100 வரை தரும், அதைப் பெருக்கும் எடை பிளக்இன் வாரியாகவே கான்ஃபிகில் இருக்கிறது. கலந்துவிட்டால் செலவுக்கு மட்டும் எடையைக் கூட்ட வழியில்லை. அதற்கு பிளக்இன்னின் நிரலையே திறக்க வேண்டும். அதிலும் இமேஜைப் பார்க்க இமேஜ்லோக்காலிட்டி என்ற பிளக்இன் ஏற்கெனவே இருக்கிறதே! செலவை மட்டும் தனி பிளக்இன்னாக எழுதினால் போதும்.

வெளி ஏபிஐ-யை ஃபில்டரிலோ ஸ்கோரிலோ கூப்பிடுவதும் வேண்டாம். நோடைத் தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலிங் சுழற்சி ஒரு நேரத்தில் ஒரு பாட்-ஐத்தான் எடுக்கும். அங்கே தாமதித்தால் வரிசை முழுவதும் நிற்கும். பாட்-ஐ அந்த நோடுடன் இணைக்கும் பைண்டிங் சுழற்சி இணையாக ஓடுவதால் மெதுவான வேலையை அதிலுள்ள ப்ரீபைண்ட் கட்டத்துக்குத் தள்ளலாம். காத்திருக்கும் பாடுகளை வரிசைப்படுத்தும் கியூசார்ட்டைத் தனி பிளக்இன்னாகவே வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு கியூசார்ட்டைத்தான் இயக்க முடியும்.

சரி, அப்படியானால் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பிளக்இன்னா? அதுவும் தவறுதான், என் பார்வையில் இன்னும் மோசமானது. பாடுகளுக்குச் சேமிப்பகத்தை (வால்யூமை) இணைக்கும் வால்யூம்பைண்டிங் பிளக்இன்னைப் பாருங்கள்: ஃபில்டரில் சேமிப்பகம் பொருந்துமா என்று பார்க்கிறது, ரிசர்வில் பிடித்துவைக்கிறது, ப்ரீபைண்டில் உண்மையாகவே இணைக்கிறது. மூன்று கட்டம், பொறுப்பு ஒன்றுதான். அதை மூன்றாக வெட்டினால், யாரோ ரிசர்வை மட்டும் அணைத்துவிட்டு, இரண்டு பாடுகள் ஒரே வால்யூமுக்குப் போட்டியிடுவதை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.