தோட்டத்துக் குடும்பங்களுக்குப் பாண் சுட்டுக் கொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற நகரங்களில் நண்பர்கள் சிலர் சேர்ந்து பாணும் பணிஸும் சுட்டு, அருகிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் கஷ்டப்படும் குடும்பங்களுக்குக் கொடுப்பது மனமார வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால், இதில் நேரும் பெரிய தவறுகள் மா குழைக்கத் தொடங்கும் முன்பே நேர்ந்துவிடுகின்றன.

அவற்றுள் முதலாவது, யாரையும் கேட்காமல் நாமே தீர்மானிப்பது. ஐசிங் பூசிய கேக் பார்வைக்கு அழகாக இருக்கலாம். நீரிழிவு உள்ள முதியவர்கள் வாழும் வீட்டில் அதனால் பயனில்லை. விரத நாளில் முட்டை கலந்த பணிஸைப் பலர் தொடமாட்டார்கள். முட்டையோ விலங்குக் கொழுப்போ சேராத சாதாரணப் பாணே பெரும்பாலானோருக்குப் பொருந்தும். தோட்டத் தலைவர் ஒருவரிடம் மட்டும் பட்டியல் வாங்கினால் அவருடைய தொழிற்சங்கத்தில் இல்லாதவர்கள் விடுபட இடமுண்டு; எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை முன்பள்ளி ஆசிரியையும் குடும்பநல உத்தியோகத்தரும் நன்கு அறிவார்கள்.

நாளும் நேரமும் முக்கியம். தோட்டங்களில் பெரும்பாலும் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டியே சம்பளம் கிடைப்பதால், அதற்கு முந்திய வாரமே கையைக் கடிக்கும் காலம். காலை பத்து மணிக்குக் கொண்டுபோனால் கொழுந்து பறிப்போர் மலையில் இருப்பார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பிய பின் செல்வதே முறை.

சமையலறையில் அதிகம் ஏமாற்றுவது குளிர். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு சராசரி வெப்பநிலை சுமார் 16 பாகைதான். கொழும்பில் ஒரு மணித்தியாலத்தில் பொங்கும் மா இங்கே அதைப்போல் இரு மடங்கு நேரம் கேட்கும். பொறுமை இழந்து ஈஸ்ட்டை அள்ளிப் போட்டால் பாணில் புளித்த வாடை ஏறும். கொதிநீரை ஊற்றினால் சுமார் 60 பாகையிலேயே ஈஸ்ட் செத்துவிடும், பாண் கல்லாகிவிடும். கைக்கு இதமான வெந்நீரில் குழைத்து, சட்டியை ஈரத்துணியால் மூடி, அடுப்பின் கதகதப்புக்கு அருகில் வைத்து, மணிக்கூட்டைப் பார்க்காமல் மா இரு மடங்காகப் பொங்கியதா என்று பாருங்கள். ஒரு கிலோ கோதுமை மாவுக்கு 600 மில்லிலீற்றர் தண்ணீர், 20 கிராம் உப்பு, 10 கிராம் உலர் ஈஸ்ட் என்றால் 450 கிராம் பாண் மூன்று கிடைக்கும். ஆளுக்கொரு கோப்பையால் அளப்பது நண்பர் குழுக்களில் வழக்கம்; அதனால் ஒரு வீட்டுக்குப் பெரிய பாணும் அடுத்த வீட்டுக்குச் சிறியதும் போய்ச் சேரும். ஒருவர் மட்டும் தராசில் நிறுத்துப் பிரித்துக் கொடுக்கட்டும்.

சூட்டோடு பொலித்தீன் பையில் கட்டுவது அவசரத்தில் எல்லோரும் செய்யும் தவறு. உள்ளே நீராவி வியர்த்து மேல்தோல் நனைந்து, மழைக்காலத்தில் ஓரிரு நாளில் பூசணம் பிடித்துவிடும். வெட்டாமல், கம்பித் தட்டில் இரண்டு மணித்தியாலமாவது ஆறவிட்ட பிறகே கட்ட வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளுக்குக் கிரீம் பணிஸ் வேண்டவே வேண்டாம்.

கொடுக்கும் முறையில்தான் மனம் அதிகம் நோகிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த லயத்தில் சில கதவுகளை மட்டும் தட்டுவது, நாம் திரும்பிய பிறகும் அக்கம்பக்கத்தாருக்குள் மனத்தாங்கலை விட்டுச்செல்லும். போதாவிட்டால் ஆளுக்குப் பாதிப் பாணாகவேனும் லயம் முழுவதற்கும் கொடுங்கள். பெற்றோரை வரிசையில் நிறுத்துவதும், பாணைக் கையில் பிடித்தபடி பிள்ளைகளைப் படமெடுத்து முகநூலில் போடுவதும் கூடவே கூடாது. அந்தப் பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியவர்கள்.

அடுத்த மாதமும் வருவோம் என்று அந்த இடத்தின் உருக்கத்தில் சொல்லிவிடாதீர்கள். மாவுக்கும் எரிவாயுவுக்கும் பணம் கையில் இருந்தால் மட்டும், வரும் திகதியை முன்பள்ளி ஆசிரியையிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.