முதல் பூனை வீட்டுக்கு வந்துவிட்டதா? பழகும் முறை, படிப்படியாக

பூனை வளர்க்கத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். கூப்பிட்டால் ஏன் வருவதில்லை? சோபாவை ஏன் பிறாண்டுகிறது? சுகமாகத் தடவிக்கொண்டிருக்கும்போதே ஏன் கடிக்கிறது? விடியற்காலை நாலு மணிக்கு ஏன் வீட்டை இரண்டாக்குகிறது?

இத்தனைக்கும் வேர் ஒன்றுதான். பூனை வேட்டையாடிப் பிழைக்கும் பிராணி. அதே சமயம், தன்னைவிடப் பெரிய விலங்கிடம் சிக்கினால் இரையாகிவிடும் சிறு பிராணியும்கூட. நாலைந்து கிலோ எடையுள்ள உடம்பில் வேட்டைத் துடிப்பும் உயிர்ப்பயமும் சேர்ந்தே குடியிருக்கின்றன. ஒவ்வொரு படியையும் இந்த எண்ணத்தோடு படியுங்கள். காரணம் தானாக விளங்கும்.

படி 1: முழு வீட்டையும் காட்டாதீர்கள், ஓர் அறை போதும்

குட்டியாக இருந்தால், தாயிடமிருந்து பிரிக்கும் வயது குறைந்தது எட்டு வாரம். பன்னிரண்டு வாரம் வரை தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்தால் இன்னும் நல்லது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டிகள் அங்கேதான் கற்றுக்கொள்கின்றன.

ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறையைத் தயார் செய்யுங்கள். தண்ணீர், சாப்பாடு, மணல் பெட்டி, பிறாண்டுவதற்கு ஏதாவது, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆகியவை அதில் இருக்கட்டும். பயணக்கூண்டைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தால் வெளியே இழுக்க வேண்டாம். நம் காதுக்கு எட்டும் ஒலி சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான்; பூனையின் காது 60,000 ஹெர்ட்ஸையும் தாண்டிக் கேட்கும். நமக்கு அமைதியாகத் தோன்றும் அறைகூட அதற்குப் புதிய ஒலிகளால் நிரம்பியிருக்கும்.

எங்கள் சாம்பா வந்த அன்று இரவு, பீரோவுக்கு அடியில் இரண்டு பச்சைப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. நான் தரையில் படுத்து, மெல்லிய குரலில் செய்தித்தாளை வாசித்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டவில்லை. இரண்டாம் நாள் இரவு, நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்ததோ என்னவோ, வெளியே வந்து சாப்பிட்டது. மூன்றாம் நாள் ஈரமான சிறு மூக்கு ஒன்று என் முழங்கையைத் தொட்டுவிட்டு உடனே பின்வாங்கியது. அப்போதும் நான் அசையவில்லை. அன்று பிடித்துத் தூக்கியிருந்தால் அந்த மூன்று நாளும் வீணாகியிருக்கும் என்று இன்றும் நம்புகிறேன்.

சில பூனைகளுக்கு மூன்று நாள் போதும், சிலவற்றுக்கு மூன்று வாரம் பிடிக்கும். வாலை உயர்த்தி அறைக்குள் சுற்றத் தொடங்கிய பிறகு அடுத்த அறையின் கதவைத் திறந்துவிடுங்கள்.

படி 2: மணல் பெட்டி

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். "கண்ட இடத்தில் போய்விடுகிறது" என்று குறைபட்டுக்கொள்ளும் வீடுகளில் பெரும்பாலும் பெட்டியில்தான் கோளாறு இருக்கும்.

பெட்டி பெரியதாக இருக்க வேண்டும். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையின் நீளத்தை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள பெட்டியாகப் பாருங்கள். கடையில் பூனைக்கென்று விற்பவை பல சமயம் இதைவிடச் சிறியவை. துணிமணி அடுக்கும் தாழ்வான பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இந்த வேலைக்கு அருமையாகப் பொருந்தும். குட்டிக்கும் மூட்டுவலி உள்ள வயதான பூனைக்கும் ஒரு பக்க விளிம்பை வெட்டித் தாழ்த்திக் கொடுங்கள்.

மணலை ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்புங்கள். வாசனை சேர்த்த மணல் வேண்டாம். அந்த வாசனை நமக்காகச் சேர்த்தது. பூனையின் மூக்குக்கு அது நெடி. கட்டியாகச் சேரும் மணலானால் தினமும் இரண்டு முறை அள்ளி எடுத்துவிடுங்கள். மிகச் சிறிய குட்டிகள் மணலைத் தின்று பார்க்கும் என்பதால் அவற்றுக்குக் கட்டிசேராத வகையே நல்லது.

எத்தனை பெட்டி? பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்: ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று. எல்லாவற்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒரே பெட்டிதான். சாப்பிடும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உள்ளே இருக்கும்போது ஒருமுறை அது திடீரென்று அதிர்ந்தால் பூனை அந்தப் பெட்டிப் பக்கமே போகாது. கழிவு நேரத்தில்தான் பூனை மிகவும் பாதுகாப்பற்ற நிலையில் இருக்கிறது. யார் வருகிறார்கள் என்று பார்க்கவும் தப்பியோடவும் வழியுள்ள இடத்தையே அது விரும்பும்.

வேறு இடத்தில் சிறுநீர் கழித்துவிட்டால், நொதிப்பொருள் கலந்த துப்புரவுத் திரவத்தால் அந்த இடத்தைத் துடையுங்கள். அமோனியா உள்ள திரவம் வேண்டாம். அந்த நெடி சிறுநீரை நினைவூட்டும்.

படி 3: சாப்பாடும் தண்ணீரும்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூனை இறைச்சியை நம்பி வாழும் பிராணி. டாரின் என்னும் சத்தை அதன் உடல் தேவையான அளவுக்கு உண்டாக்கிக்கொள்ள முடியாது. உணவில் அது குறைந்தால் பார்வையும் இதயமும் பழுதாகும். அதனால் நம் தட்டில் மிஞ்சியதைப் போட்டு வளர்க்க முடியாது. நாய்க்கான உணவும் ஒத்துவராது. இனிப்பு வேண்டவே வேண்டாம், பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைக்கும், பொடியாகச் சேர்த்தாலும் ஆபத்துதான். லில்லி மலர்களை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். ரோமத்தில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினால்கூடச் சிறுநீரகம் செயலிழக்கும்.

வீட்டுப்பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையின் உடலில் இருந்த ஈரத்தைக் கொண்டே காலம் தள்ளிய பரம்பரை என்பதால் தாக உணர்வு குறைவு. ஈர உணவு கொடுப்பதும், அகலமான கிண்ணங்களில் இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைப்பதும் பலன் தரும்.

படி 4: பிறாண்டுவதற்கு நீங்களே இடம் கொடுங்கள்

பிறாண்டுவதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. பூனை அதில் ஒரே நேரத்தில் பல வேலைகளை முடித்துக்கொள்கிறது: முதுகை நீட்டி முறிக்கிறது, பாதத்தில் உள்ள சுரப்பிகளின் மணத்தைப் பதிக்கிறது, நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றுகிறது. பிறாண்டும் கட்டையின் அடியில் பிறை வடிவில் மெல்லிய ஓடுகள் கிடக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் நகமே உடைந்துவிட்டதென்று பதறுவார்கள். அது பாம்பு சட்டை உரிப்பதைப் போன்றது, உள்ளே புது நகம் கூராக இருக்கும்.

கட்டை, பூனை பின்னங்கால்களில் நின்று முழுதாக நீளும் அளவுக்கு உயரமாக இருக்கட்டும். 90 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். கயிறு சுற்றிய மரம் நல்லது. ஒருமுறை ஆடிச் சாய்ந்தாலும் பூனைக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விடும், அதனால் அடிப்பாகம் கனமாக இருக்கட்டும். அதைக் கண்ணில் படாத மூலையில் வைத்துப் பயனில்லை. எந்த சோபாவைப் பிறாண்டுகிறதோ அதன் பக்கத்திலேயே வைத்து, பழகிய பிறகு மெல்ல நகர்த்துங்கள். தூங்கி எழுந்ததும் பிறாண்டுவது வழக்கம் என்பதால் படுக்கைக்கு அருகிலும் ஒன்று இருந்தால் நல்லது.

படி 5: அது பேசுவதைப் படிக்கப் பழகுங்கள்

வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது மிகக் குறைவு. அந்தக் குரல் பெரும்பாலும் நமக்காகத்தான். மற்றதெல்லாம் வாலும் காதும் கண்ணும் மணமும்.

வால் செங்குத்தாக நின்று, நுனி மட்டும் கொக்கிபோல் வளைந்திருந்தால் அது வணக்கம். வால் இடமும் வலமும் சுளீரென்று வீசப்பட்டால் எரிச்சல். நாய் வாலாட்டுவதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ரோமம் சிலிர்த்து வால் பருத்தால் பயம். காதுகள் பக்கவாட்டில் மடங்கினால் கையை எடுத்துவிடும் நேரம் வந்துவிட்டது. 'குர்குர்' ஒலியை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். சுகத்தில் எழுப்பும் அதே ஒலியை வலியிலும் எழுப்பும்.

கன்னத்தால் உங்கள் காலையும் கதவு நிலையையும் உரசுவது, தன் மணத்தைப் பூசி "இது என் இடம்" என்று உறுதிசெய்துகொள்வது. எங்கள் வீட்டுச் சுவரின் முனைகளில் பூனையின் கன்ன உயரத்துக்குப் பழுப்பாக ஓர் எண்ணெய்த் தடம் இருக்கும். முன்பு வாரந்தோறும் அதைத் தேய்த்துக் கழுவினேன். கழுவிய அன்றே சாம்பா வந்து அதே முனையை மீண்டும் மீண்டும் உரசும். இப்போது அந்த முனைகளை விட்டுவிட்டுத் துடைக்கிறேன்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்கும் என்பார்கள். உண்மையில் உங்கள் எதிரே அது மெல்லக் கண் மூடித் திறப்பது பெரிய மரியாதை. பகை என்று நினைத்தவர் முன்னால் எந்தப் பூனையும் கண்ணை மூடாது. நீங்களும் முறைத்துப் பார்க்காமல் கண்ணைப் பாதி சுருக்கி, மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். பிரிட்டனில் 2020இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிக் கண் சிமிட்டியவர்களைப் பார்த்துப் பூனைகளும் திரும்பக் கண் சுருக்கின. அறிமுகமில்லாதவரானாலும் கிட்டே வந்தன.

பெயர் விஷயத்துக்கு வருவோம். ஜப்பானில் 2019இல் வெளியான ஆய்வொன்று, பூனைகள் தம் பெயரை மற்றச் சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்று காட்டியது. கூப்பிட்டும் வராத உங்கள் பூனையின் காதைக் கவனியுங்கள், அது உங்கள் பக்கம் திரும்பியிருக்கும். வரவைக்க வேண்டுமென்றால் பெயரைச் சொன்னதும் பிடித்த தீனியில் ஒரு துண்டு கொடுங்கள். மருந்து கொடுக்கவோ குளிப்பாட்டவோ ஒருநாளும் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள்.

படி 6: தடவுவதற்கும் முறை உண்டு

சுட்டுவிரலை மூக்கின் உயரத்தில் நீட்டிக் காத்திருங்கள். அது முகர்ந்து கன்னத்தை உரசினால் அனுமதி கிடைத்துவிட்டது. கன்னம், தாடை, காதின் அடிப்பகுதி ஆகியவை பிடித்த இடங்கள். மூன்று வினாடி தடவி நிறுத்துங்கள். மறுபடி தலையால் முட்டினால் தொடருங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கைக்கு அடையாளம். தொடச் சொல்லும் அழைப்பன்று. திடீர்க் கடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. வால் நுனி துடித்திருக்கும், முதுகுத் தோல் சிலிர்த்திருக்கும், நாம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்போம்.

படி 7: வேட்டைக்கு வழிவிடுங்கள்

பூனை ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்கும். விழிப்பு உச்சத்தில் இருப்பது விடியலிலும் அந்தியிலும். எனவே மாலையிலும் நீங்கள் படுக்கும் முன்பும் பத்துப் பதினைந்து நிமிடம் விளையாடுங்கள். குச்சி நுனியில் கட்டிய இறகுப் பொம்மையை முகத்துக்கு நேரே ஆட்டாமல், எலி ஓடுவதுபோலப் பூனையிடமிருந்து விலகி ஓடவிடுங்கள். திரைக்குப் பின்னால் மறைத்து நிறுத்துங்கள். அது பதுங்கி, பின்பாகத்தை ஆட்டி, பாயும். கடைசியில் பிடிபடட்டும். லேசர் ஒளியில் பிடிக்க எதுவும் இல்லை என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. விளையாடி முடித்ததும் உணவு வையுங்கள். வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பதே அதன் இயல்பான வரிசை. உங்கள் தூக்கத்தையும் இந்த வரிசைதான் காப்பாற்றும்.

நூல், ரிப்பன், ரப்பர் வளையம் எதையும் தரையில் விட்டுப் போகாதீர்கள். நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைப் பூனையால் துப்புவது கடினம். அது குடலைச் சுருக்கி அறுத்துவிடும். விரலையும் விளையாட்டுப் பொருளாக்காதீர்கள். குட்டியில் கூச்சமூட்டும் கடி, ஒரு வருடத்தில் ரத்தம் பார்க்கும்.

விடியற்காலையில் கத்தினால் எழுந்து சாப்பாடு போடாதீர்கள். ஒருநாள் போட்டால் மறுநாளும் அதே நேரத்துக்குக் கத்தும்.

அடிப்பது, தண்ணீர் பீய்ச்சுவது, மூக்கைத் தரையில் தேய்ப்பது எதுவும் வேண்டாம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பதுபோல, அது விலகப்போவது தவறிலிருந்து அன்று, உங்களிடமிருந்து.

படி 8: மருத்துவரை முன்கூட்டியே தேடிவையுங்கள்

தடுப்பூசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நாலு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை தொடரும். கருத்தடை அறுவை சிகிச்சையை ஐந்து மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பயணக்கூண்டை மருத்துவமனை நாளில் மட்டும் எடுக்காமல், மெத்தை விரித்து அறையில் எப்போதும் திறந்தே வையுங்கள்.

இரையாகும் பிராணி நோயை மறைக்கும். அதனால் சிறு மாற்றமும் செய்திதான். சாம்பாவுக்கு நாலு வயதிருக்கும்போது ஒருநாள் மாலை அடிக்கடி மணல் பெட்டிக்குப் போய்க் குந்தியது, மெல்ல முனகியது, வெளியே வந்து அடிவயிற்றை நக்கியது. மலச்சிக்கல் என்று நினைத்து இரவு முழுதும் விட்டுவிட்டேன். காலையில் மணலைப் பார்த்தால் ஈரமே இல்லை. சிறுநீர்க்குழாய் அடைத்திருந்தது. இன்னும் ஒருநாள் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்றார் மருத்துவர். அந்த இரவை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆண் பூனை குந்திக்கொண்டே இருந்து சிறுநீர் வரவில்லையென்றால் அந்த மணி நேரத்திலேயே கிளம்புங்கள்.

ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தாலும் மருத்துவரை அழையுங்கள். பட்டினி இரண்டு மூன்று நாள் நீண்டால், குறிப்பாகக் கொழுத்த பூனைகளுக்குக் கல்லீரல் கெடும். வாயைத் திறந்து மூச்சுவாங்கினால் காத்திருக்கவே கூடாது. நம் மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண்ணைத் தாளில் எழுதி, கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.