சொந்தமா எழுதி டைரக்ட் பண்றவங்க சறுக்குற இடம் எல்லாம்

படம் பண்ணப்போறேன்னு வர்றவங்க மொதல்ல கேக்கறது எந்த கேமரா வாங்கலாம்னு தான். பாஸ், அமெரிக்க டைரக்டர் ஷான் பேக்கர் ஐபோன் 5எஸ்ல எடுத்த டேஞ்சரின் படம் 2015லயே சண்டான்ஸ் ஃபிலிம் ஃபெஸ்டிவல்ல ஓடிடுச்சு, அந்த கேள்விக்கு அப்பவே மூடுவிழா நடத்தியாச்சு. எனக்குத் தெரிஞ்சு பாதில நின்ன படம் எதுவும் கேமராவால நின்னது இல்ல.

பெரிய தப்பு, மொத டிராஃப்ட்ட அப்படியே ஷூட்டிங்குக்கு தூக்கிட்டு போறது. ரைட்டரும் டைரக்டரும் ஒரே ஆளா இருந்தா ஸ்கிரிப்ட்ட பாத்து "இது எதுக்குய்யா?"ன்னு கேக்க யாருமே இருக்க மாட்டாங்க. "ராத்திரி. கொட்டுற மழை. பஸ் ஸ்டாண்ட்ல கூட்டம்." ரைட்டருக்கு இது ஒரே வரி, டைரக்டருக்கு ரெயின் மெஷின், ஜூனியர் ஆர்டிஸ்ட், பர்மிஷன், நனையாத இன்னொரு செட் டிரெஸ், ரெண்டு நைட் கால்ஷீட். ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னு ஒரு கணக்கு சொல்வாங்கல்ல, அது ஸ்கிரீன்ல ஓடுற நேரத்துக்கு தான், எடுக்கற நேரத்துக்கு இல்ல.

எழுதி முடிச்சதும் நாலஞ்சு பேர உக்கார வெச்சு சத்தமா படிக்க விடுங்க, நீங்க வாயே தொறக்காதீங்க. அங்க ஒருத்தர் ஒரு டயலாக்ல தடுக்கி திரும்ப படிச்சார்னா தப்பு அவர்மேல இல்ல, டயலாக்மேல. "இல்லங்க, இங்க அவன் மனசுல என்ன ஓடுதுன்னா"ன்னு விளக்க நாக்கு துடிக்கும் பாருங்க, அந்த சீன் இன்னும் பேப்பருக்கே வரலன்னு அர்த்தம்.

அடுத்து இந்த பட்ஜெட் கதைங்க. நோலனோட ஃபாலோயிங் (1998) கிட்டத்தட்ட 6000 டாலர்ல முடிஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா டீம்ல எல்லாரும் வேலைக்கு போறவங்கன்னு சனிக்கிழமை சனிக்கிழமையா ஏறக்குறைய ஒரு வருஷம் எடுத்தாங்க, ஃபிலிம் வீணாகக் கூடாதுன்னு நல்லா ரிகர்சல் பாத்துட்டு ஒரு சீன ஒண்ணு ரெண்டு டேக்ல முடிச்சாங்கங்கறத யாரும் பேச மாட்டாங்க. ரோட்ரிகஸோட எல் மரியாச்சி 7000 டாலர்னு சொல்றதும் எடுத்து முடிச்ச செலவு தான், தியேட்டருக்கு கொண்டுவர ஸ்டுடியோ பல மடங்கு போட்டுச்சு. நம்மாளுங்க கைல இருக்கற மொத்தத்தையும் ஷூட்டிங்லயே கரைச்சுட்டு மிக்ஸிங், கலர், சப்டைட்டில், டிசிபி (தியேட்டர்ல ஓட்டுற டிஜிட்டல் காப்பி), ஃபெஸ்டிவல் ஃபீஸுன்னு வரும்போது முழிப்பாங்க. பட்ஜெட்டுல இதுக்கெல்லாம் மொதல்லயே ஒரு பங்கு எடுத்து பூட்டி வெச்சிடுங்க.

சவுண்ட். பிக்சர் கொஞ்சம் இருட்டா இருந்தா ஸ்டைல்னு சொல்லி தப்பிக்கலாம், டயலாக் கேக்கலன்னா ஆடியன்ஸ் எழுந்து போயிடுவான். என்னோட ஒரு ஷார்ட் ஃபிலிம்ல ஒரு முழு நாள் ஃபுட்டேஜ் பின்னாடி ஃப்ரிட்ஜ் "உம்ம்"னு ஓடிட்டே இருக்கும், அதுவும் நடுவுல நின்னு நின்னு திரும்ப ஆரம்பிக்கும், அதனால கட் பண்ற எல்லா இடத்துலயும் சத்தம் எகிறி குதிக்குது, கடைசில எல்லாத்தையும் டப் பண்ணோம். அப்புறம் ஒரு சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் சொல்லிக்குடுத்தார், ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணிட்டு உன் வண்டி சாவிய அதுக்குள்ள வெச்சிடு, கிளம்பும்போது சாவி தேடி வருவல்ல, அப்ப தானா ஆன் பண்ணிடுவன்னு. ஒவ்வொரு லொகேஷன்லயும் எல்லாரையும் ஒரு நிமிஷம் பேசாம நிக்க வெச்சு அந்த ரூமோட வெறும் சத்தத்த ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, கட் பண்ற இடத்துல அத போட்டு நிரப்பிக்கலாம், எடிட்டர் உங்கள கும்பிடுவார்.

பேப்பர் வேலை யாருக்கும் புடிக்காது, எனக்கும் தான். ஆனா அமெரிக்க டைரக்டர் சார்ல்ஸ் பர்னெட் 70கள்ல எடுத்த கில்லர் ஆஃப் ஷீப் கதை தெரிஞ்சா பயம் வரும். அவ்ளோ கொண்டாடப்பட்ட படம், உள்ள இருக்கற பாட்டுங்களுக்கு உரிமை வாங்கல, அதனால ஒழுங்கா தியேட்டர் ரிலீஸ் ஆனதே 2007ல தான். முப்பது வருஷம்! எடிட்டிங்ல சும்மா டெம்ப்னு, அதாவது தற்காலிகமா, ஒரு ஹிட் பாட்ட போட்டு அதுலயே காதல்ல விழுந்துடாதீங்க. நடிச்சவங்க, மியூசிக் பண்ணவங்க, கூட எழுதின நண்பன், எல்லார்கிட்டயும் ஷூட்டிங்குக்கு முன்னாடியே கையெழுத்து வாங்கிடுங்க. "ஃப்ரெண்டு தானே"ன்னு விட்டா, படம் விலை போற அன்னிக்கு தான் சண்டை ஆரம்பிக்கும்.

முடிச்ச சந்தோஷத்துல உடனே யூடியூப்ல ஏத்தறதும் வேணாம், பல பெரிய ஃபெஸ்டிவல்ஸ் ஃபீச்சர்னா (முழு நீளப் படம்) பிரீமியர் கேக்கும், அதாவது மொதல்ல அவங்ககிட்ட தான் ஓடணும், ஷார்ட்லயும் சில இடத்துல பிரச்சனை, ரூல்ஸ படிச்சிட்டு அப்புறம் ஏத்துங்க. ஆஸ்கர் கணக்குல ஷார்ட் ஃபிலிம்னா கிரெடிட்ஸோட சேத்து 40 நிமிஷம் வரைக்கும் ஓகே, ஆனா உங்க 35 நிமிஷ படம் இன்னும் ரெண்டு மூணு ஷார்ட்ஸோட இடத்த அடைச்சுக்கும், தேர்ந்தெடுக்கறவங்க அதையும் தான் யோசிப்பாங்க.

இன்னொண்ணு, படம் எங்கயாவது ஓடி நாலு பேர் கைதட்டினா அடுத்த கேள்வி "இப்ப என்ன எழுதிட்டு இருக்கீங்க?" தான். நான் அன்னிக்கு மூணு வருஷமா இந்த ஒரே படத்தோட அலைஞ்சு வேற எதுவும் எழுதாம "யோசிச்சிட்டு இருக்கேன் சார்"னு சொன்னேன், கேட்டவர் சிரிச்சு கைகுடுத்துட்டு பக்கத்துல நின்னவர்கிட்ட திரும்பிட்டார்.